தாம்சன் ஒன்றும் தர்பூசணி வியாபாரி அல்ல

ஜே.ஜே. தாம்சன் எனக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடப் புத்தகங்கள் அந்த மனுஷனைப் படுத்துகிற பாட்டைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து வருஷக்கணக்காகக் கணக்குப் போட்ட ஆளை, "அணு தர்பூசணி மாதிரிப்பா, எலக்ட்ரான் எல்லாம் கொட்டை மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போன வெள்ளந்தியாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். நான் படித்த காலத்து என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் கிறிஸ்துமஸ் புட்டிங், அதைப் பார்க்காதவர்களுக்குத் தர்பூசணி என்று இரண்டு உவமையும் இருந்தன. வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தப் பாடத்திலிருந்து இன்றைக்கு ஞாபகம் இருப்பது பழம் மட்டும்தான்.

மீதிக் கதை உங்களுக்கே தெரியும். டால்டன் வந்தார், பிளக்கவே முடியாத குண்டு என்றார். தப்பு. தாம்சன் வந்தார், பழம் என்றார். தப்பு. ரூதர்போர்டு வந்தார், சூரியக் குடும்பம் என்றார். பாதி தப்பு. போர் வந்தார், ஹைட்ரஜனுக்கு மட்டும் சரி, மற்றதுக்கெல்லாம் தப்பு. கடைசியாக ஷ்ரோடிங்கர் ஒரு மேகத்தோடு வந்தார். சுபம். ஒவ்வொருத்தர் பெயருக்குக் கீழேயும் 'குறைகள்' என்று ஒரு பட்டியல். ரூதர்போர்டு மாதிரியின் குறைகள் யாவை, ஐந்து மதிப்பெண்.

இதை எல்லோரும் 'எளிமையாக்கிய வரலாறு' என்கிறார்கள். நான் பொய் என்கிறேன். எளிமைக்கும் பொய்க்கும் வித்தியாசம் உண்டு. சென்னை வரைபடத்தில் சந்து பொந்தை விட்டுவிட்டால் அது எளிமை. தாம்பரத்தை எண்ணூருக்கு வடக்கே போட்டால் அதற்குப் பெயர் வேறு.

முதலில் தாம்சன் விவகாரத்தை முடித்துவிடுவோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1897இல் கேதோடு கதிர்களில் இருப்பவை ஹைட்ரஜன் அணுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் லேசான துகள்கள் என்று தாம்சன் காட்டினார். எந்த வாயுவைப் போட்டாலும், எந்த உலோகத்தில் கேதோடு செய்தாலும் அதே துகள். அப்படியென்றால் அது எல்லா அணுவுக்குள்ளும் இருக்கிறது. சரி, உள்ளே எப்படி உட்கார்ந்திருக்கிறது? இதுதான் அவர் கேள்வி. அதற்குப் பதிலாக 1904இல் ஃபிலசாஃபிகல் மேகஸினில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் பழமும் கிடையாது, புட்டிங்கும் கிடையாது. சீராக நேர்மின்சுமை பரவிய ஒரு கோளம், அதற்குள் வளையம் வளையமாகச் *சுற்றுகிற* எலக்ட்ரான்கள், அவை எப்போது நிலையாக நிற்கும், எப்போது கலைந்து போகும் என்று பக்கம் பக்கமாகக் கணக்கு. ஆமாம், சுற்றுகிற எலக்ட்ரான்கள். கொட்டை மாதிரி அசையாமல் செருகி வைத்தது இல்லை.

அந்தக் கணக்கு அழகானது. ஒரு வளையத்தில் ஐந்து வரை தனியாக நிற்கும். ஆறு என்றால் நடுவில் ஒன்று போய் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் வளையம் உடைந்துவிடும். இதற்கு ஆதரவாக அவர் காட்டியது ஆல்ஃபிரட் மேயர் என்ற அமெரிக்கர் 1878இல் செய்த ஒரு சோதனை. காந்தமாக்கிய ஊசிகளைத் தக்கையில் குத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டு, மேலே ஒரு பெரிய காந்தத்தைப் பிடித்தால் அவை தானாக வளைய வளையமாக அடுக்கிக்கொள்ளும். ஐந்து ஊசி என்றால் ஐங்கோணம். ஆறாவதைப் போட்டால் ஒன்று நடுவுக்குப் போய்விடும். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தர்பூசணி வெட்டுவதைவிட சுவாரசியம், கையும் பிசுபிசுக்காது.

இதோடு விடவில்லை. எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் உள் வளையங்களின் அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்தார். 59 முதல் 67 வரை எலக்ட்ரான் இருக்கிற ஒன்பது அமைப்புகளிலும் வெளி வளையத்தில் 20 தான். உள்ளே இருப்பவை மாற மாற அந்த 20இன் உறுதி மட்டும் கூடிக்கொண்டு போகிறது. ஒரு கோடியில் எலக்ட்ரானைச் சுலபமாக இழக்கும், இன்னொரு கோடியில் வாங்கிக்கொள்ளப் பார்க்கும். ஹீலியத்தில் ஆரம்பித்து நியானில் முடிகிற ஒன்பது தனிமங்களை அவர் இதற்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதாவது தனிம வரிசை அட்டவணை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு, எலக்ட்ரான் அடுக்குகளிலிருந்து பதில் சொல்லப் பார்த்தார். இன்றைக்கு ப்ளஸ் ஒன்னில் எலக்ட்ரான் அமைப்பு என்று 2, 8, 8 போடுகிறோமே, அந்த யோசனைக்குத் தாத்தா இந்தத் 'தர்பூசணி'தான். எண்கள் தப்பு. யோசனை நின்றது.

சரி, புட்டிங் எங்கிருந்து வந்தது? தாம்சன் வைத்த பெயர் இல்லை. கியோரா ஹான், பெர்னார்ட் கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு அறிவியல் வரலாற்றாளர்கள் 2013இல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதி, இது வேறு யாரோ ஒட்டிய பெயர் என்று தோண்டி எடுத்தார்கள். பட்டப்பெயர் அசல் பெயரை விழுங்கிவிடுவது நம்ம ஊர் கல்லூரி ஹாஸ்டலில் சகஜம்தான். ஆனால் அங்கே யாரும் பட்டப்பெயரை வைத்துப் பரீட்சை நடத்துவதில்லை.

இன்னொரு விஷயம் புத்தகங்கள் மூச்சே விடுவதில்லை. தாம்சன் மாதிரியைப் பலவீனப்படுத்திய முதல் ஆள் தாம்சனேதான். ஆரம்பத்தில் அவர், அணுவின் எடை முழுக்க எலக்ட்ரான்களுடையது, ஆகவே ஒரு அணுவில் ஆயிரக்கணக்கில் எலக்ட்ரான் இருக்கும் என்று நினைத்தார். அதில் ஒரு வசதி இருந்தது. சுற்றுகிற மின்சுமை ஒளியைக் கக்கிச் சக்தியை இழக்க வேண்டும். ஆனால் ஒரு வளையத்தில் நிறைய எலக்ட்ரான் சீராக இருந்தால், ஒன்று கக்குவதை மற்றவை ஏறக்குறைய ரத்து செய்துவிடும் என்று அவரே 1903இல் கணக்குப் போட்டிருந்தார். பிறகு 1906இல் மூன்று தனித்தனி வழிகளில் எலக்ட்ரான்களை எண்ணிப் பார்த்தார். ஒளி விலகுவது, எக்ஸ் கதிர் சிதறுவது, பீட்டா கதிர் உட்கவரப்படுவது. மூன்றும் ஒரே பதில்: ஆயிரக்கணக்கில் இல்லை, ஏறக்குறைய அணு எடை அளவுக்குத்தான். ஹைட்ரஜன் என்றால் ஒன்றோ, சிலவோ. போச்சு. எடை எங்கே போனது? அந்த நேர்மின் கோளத்துக்குள்தான் இருக்க வேண்டும். ஒரே ஒரு எலக்ட்ரான் கக்குவதை ரத்து செய்ய யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை. தன் வீட்டு அஸ்திவாரத்தைத் தானே தோண்டிப் பார்த்து, பள்ளம் இருக்கிறது என்று ஊரறிய அச்சில் போட்ட மனுஷன் இவர். இதை ஒரு வரி சொல்லிக்கொடுத்தால் குறைந்தா போய்விடும்?

ரூதர்போர்டு கதைக்கு வருவோம். இதை நம் புத்தகங்கள் சினிமா க்ளைமாக்ஸ் மாதிரி சொல்கின்றன. தங்கத் தகடு, ஆல்ஃபா துகள், சில துகள்கள் திரும்பி வந்தன, உடனே அணுக்கரு கண்டுபிடிக்கப்பட்டது, தாம்சன் மாதிரி குளோஸ்.

உடனே எல்லாம் இல்லை. 1909இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் கைகரும், இருபது வயதுகூடத் தாண்டாத எர்னஸ்ட் மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்து, துத்தநாக சல்ஃபைடு திரையில் விழுகிற மினுக்கல்களை மைக்ராஸ்கோப் வழியே ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். பிளாட்டினத் தகட்டில் மோதிய ஆல்ஃபா துகள்களில் சுமார் 8,000க்கு ஒன்று திரும்பி வந்தது. ரூதர்போர்டின் கட்டுரை வந்தது 1911 மே மாதம். இடையில் இரண்டு வருஷம். ஏன் இரண்டு வருஷம்? ஏனென்றால் 'திரும்பி வந்தது' என்பது மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. தகட்டுக்குள் ஆயிரம் சின்னச் சின்ன இடிகள் வாங்கி, எல்லாம் ஒரே பக்கமாகச் சேர்ந்து, துகள் திரும்பியிருக்கலாமே? அப்படி நடக்க வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். அந்த வாய்ப்பு 8,000க்கு ஒன்று என்ற அளவுக்குப் பக்கத்தில்கூட வராது என்று காட்ட வேண்டும். பிறகு ஒரே மோதலில் திரும்பியிருந்தால் எந்தக் கோணத்தில் எத்தனை துகள் வர வேண்டும் என்று சூத்திரம் எழுத வேண்டும். அவர் செய்தது அதைத்தான்.

இப்போது 1911 கட்டுரையில் *இல்லாத* விஷயங்களைப் பாருங்கள். 'நியூக்ளியஸ்' என்ற சொல்லே அதில் இல்லை, மையத்து மின்சுமை என்றுதான் எழுதுகிறார். அந்த மையம் நேர்மின்னா எதிர்மின்னா என்பதையும் முடிவு செய்யவில்லை, சிதறல் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான் என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறார். சூரியக் குடும்பம்? கணக்கில் அதுவும் கிடையாது. மையத்தைச் சுற்றி எதிர்ச் சுமை ஒரு கோளமாகச் சீராகப் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறார். தாம்சனின் கோளத்தை உள்வெளியாகத் திருப்பிப் போட்ட மாதிரி! கட்டுரை முடிகிற இடத்தில் ஜப்பானின் ஹன்டாரோ நாகவோகாவை ஒரு வார்த்தை குறிப்பிடுகிறார். நாகவோகா 1904லேயே, தாம்சன் எழுதிய அதே பத்திரிகையில், அதே வருஷம், நடுவில் கனமான நேர்மின் மையம், சுற்றிலும் சனிக்கிரகத்து வளையம் மாதிரி எலக்ட்ரான்கள் என்று ஒரு மாதிரி போட்டிருந்தார். நம் புத்தகத்தில் அவர் பெயரைப் பார்த்த ஞாபகம் உங்களுக்கு உண்டா? எனக்கு இல்லை.

அணு நிலையாக நிற்குமா என்ற கேள்வியை இந்தக் கட்டத்தில் எடுத்துக்கொள்ளவில்லை என்றும் ரூதர்போர்டு அதிலேயே எழுதியிருக்கிறார். நாம் என்ன செய்கிறோம்? எலக்ட்ரான் சுழன்று சுழன்று ஒரு விநாடியின் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் அணுக்கருவில் விழுந்துவிடும், இதை ரூதர்போர்டு விளக்கவில்லை, இது அவர் மாதிரியின் குறை என்று ஐந்து மார்க்குக்கு எழுதுகிறோம். அவர் எழுதப் போகாத பரீட்சையில் அவரை ஃபெயிலாக்கிவிட்டோம். கக்கிச் சக்தி இழக்கிற பிரச்சினை தாம்சனுக்கும் இருந்தது, அவருக்கு அது தெரிந்தும் இருந்தது என்று மேலே பார்த்தோம். ஆனால் குறைப் பட்டியலில் அது ரூதர்போர்டு கணக்கில் மட்டும் பற்று.

உலகம் உடனே எழுந்து நின்று கைதட்டியது என்பதும் கதைதான். 1911 அக்டோபர் கடைசியில் பிரஸ்ஸல்ஸில் முதல் சால்வே மாநாடு. ஐன்ஸ்டைன், பிளாங்க், மேரி கியூரி என்று எல்லாப் பெரிய தலைகளும் இருந்தன. ரூதர்போர்டும் இருந்தார். அணுக்கரு பற்றி அங்கே பேச்சே எழவில்லை. அவரும் எழுந்து சத்தம் போடவில்லை. மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் மறுபடி இருட்டறைக்குப் போய் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1913இல் பதில் வந்தது. 5 டிகிரியிலிருந்து 150 டிகிரி வரை எண்ணிப் பார்த்தால் துகள்களின் எண்ணிக்கை சுமார் இரண்டரை லட்சம் மடங்கு மாறுகிறது. அந்த இரண்டரை லட்சம் மடங்கு முழுக்க ரூதர்போர்டு சூத்திரம் கூடவே ஓடி வந்தது. அணுக்கரு நின்றது இதனால். 'சில துகள்கள் திரும்பி வந்தன' என்பதால் இல்லை.

போர் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 1913 ஜூலையில் முதல் கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு வயசு 27. (என் வயசுக்காரர். நான் இந்த வாரம் சாதித்தது ஒரு தேதி வடிவப் பிழையைத் திருத்தியது.) 1885இல் பாஸல் நகரத்துப் பள்ளி ஆசிரியர் யோஹான் பால்மர், ஹைட்ரஜன் ஒளியின் நான்கு கோடுகளுக்கு முழு எண்களை வைத்து ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். அச்சாகப் பொருந்தியது. ஏன் என்று 28 வருஷம் யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சூத்திரத்தில் இருந்த மாறிலியை எலக்ட்ரானின் மின்சுமை, எடை, பிளாங்க் மாறிலி இவற்றை வைத்தே போர் கணக்கிட்டுக் காட்டினார்.

எனக்குப் பிடித்த கட்டம் இதற்கு அப்புறம் வருவது. நட்சத்திர ஒளியில் எட்வர்ட் பிக்கரிங் 1896இல் சில விசித்திரக் கோடுகளைப் பார்த்திருந்தார். லண்டனில் ஆல்ஃபிரட் ஃபௌலர் 1912இல் ஹைட்ரஜனும் ஹீலியமும் கலந்த குழாயில் அவற்றை வரவழைத்தார். எல்லோரும் ஹைட்ரஜன் கோடு என்றார்கள். போர், இல்லை, இது ஒரு எலக்ட்ரானை இழந்த ஹீலியம் என்றார். ஹீலியத்தின் மையச் சுமை இரண்டு, வர்க்கம் நாலு, ஆகவே மாறிலி நாலு மடங்கு. ஃபௌலர் அளந்து பார்த்துவிட்டு, நாலு இல்லையே, 4.0016 வருகிறதே என்றார். கேட்பவர்கள், 'சரி விடுங்க சார், கிட்டத்தட்ட நாலுதானே' என்று சொல்லியிருப்பார்கள். போர் விடவில்லை. அணுக்கரு அசையாமல் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டது தோராயம். எலக்ட்ரான் இழுக்கிற இழுப்பில் அணுக்கருவும் ஒரு துளி ஆடும். ஹைட்ரஜன் லேசு, கொஞ்சம் அதிகம் ஆடும். ஹீலியம் கனம், குறைவாக ஆடும். அதைச் சேர்த்தால்? 4.00163.

இப்படி ஒரு எண்ணைக் கொண்டுவந்த மாதிரியைத்தான் 'ஹைட்ரஜனுக்கு மட்டுமே பொருந்தும்' என்று முதல் குறையாக எழுத வைக்கிறோம். சாமான்ய ஹீலியத்தில் அது திணறியது உண்மை. தரைநிலையில் எலக்ட்ரானின் கோண உந்தம் பற்றி அது சொன்னதும் தப்பு, அங்கே அது பூஜ்யம். ஆனால் 1926இல் ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்து ஹைட்ரஜனுக்குக் கொடுத்த ஆற்றல் மட்டங்கள் என்ன? போர் கொடுத்த அதே எண்கள். 1916இல் ஸாமர்ஃபெல்டு நீள்வட்டப் பாதைகளை வைத்து எழுதிய நுண்கோட்டுச் சூத்திரம், 1928இல் டிராக்கின் சமன்பாட்டிலிருந்து அப்படியே மறுபடி வந்து நின்றது. பாதை என்ற படம் போய்விட்டது, கணக்கு நின்றது. மேகத்தோடு 'சுபம்' போடுவதும் தப்பு. 1947இல் லாம்பும் ரெதர்ஃபோர்டும், டிராக் கணக்குப்படி ஒன்றாக இருக்க வேண்டிய இரண்டு மட்டங்களுக்கு நடுவே சுமார் 1,000 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியை அளந்தார்கள். (இவர் வேறு ரெதர்ஃபோர்டு. பெயர்க் குழப்பத்துக்கு நான் பொறுப்பில்லை.) அதை விளக்கப் போய் இன்னொரு பெரிய கதவு திறந்தது.

"பசங்களுக்கு இவ்வளவும் எதுக்கு சார், சிலபஸ் முடிக்க வேணாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி மாதிரி இருக்கும், இல்லை. நான் பக்கத்தைக் கூட்டச் சொல்லவில்லை. குறைப் பட்டியல் பிடித்து வைத்திருக்கிற இடத்தில் வேறு நாலு வரி போடச் சொல்கிறேன். இந்த ஆள் என்ன கேள்வி கேட்டார், எந்த எண்ணைக் கொண்டுவந்தார், அந்த எண் இன்றைக்கும் இருக்கிறதா. குறை எழுதுவதைவிட இது சுலபம்கூட. டால்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அணுவைப் பிளக்க முடியாது என்றார்' என்பதா முக்கியம்? இரண்டு தனிமங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட விதத்தில் சேர்ந்தால் எடைகள் ஏன் சின்ன முழு எண் விகிதத்தில் வருகின்றன என்பதற்கு அவர் பதில் சொன்னாரே, அது இல்லையா முக்கியம்? தண்ணீர் என்பது ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்று அவர் நினைத்தார். அது தப்பு என்று வேதியியல் உலகம் ஒருவழியாக ஒத்துக்கொள்ள 1860 கார்ல்ஸ்ரூ மாநாடும், அதில் விநியோகிக்கப்பட்ட கனிட்ஸாரோவின் சின்னப் புத்தகமும் தேவைப்பட்டன. அந்த அரை நூற்றாண்டுச் சண்டை நம் பாடத்தில் ஒரு வரி இல்லை.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், எனக்கு வருகிற வாட்ஸப் செய்திகளைக் காட்டுகிறேன். "மேல்நாட்டு சயின்ஸ் நாளுக்கு நாள் மாறும். டால்டன் சொன்னது தப்பு, தாம்சன் சொன்னது தப்பு, போர் சொன்னதும் தப்பு. நம் கணாதர் அணுவை அன்றே கண்டுபிடித்துவிட்டார், அது மாறவே இல்லை." குடும்பக் குழுவில் பெரியப்பா ஒருத்தர் இதைப் போட, பின்னாலேயே எட்டு கும்பிடும் கைகள். நான் பெரியப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பள்ளியில் படித்ததைத்தான் சொல்கிறார். தப்பு, தப்பு, தப்பு என்று பத்து வருஷம் மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, அப்புறம் 'அறிவியலை நம்புங்கள்' என்றால் எப்படி நம்புவார்?

கணாதரின் வைசேஷிகம் லேசுப்பட்ட சிந்தனை இல்லை. பொருளைப் பிளந்துகொண்டே போக முடியும் என்றால் கடுகுக்கும் மேரு மலைக்கும் அளவில் வித்தியாசம் இருக்காதே என்று அந்த மரபு வைத்த வாதம் இன்றைக்கும் உட்கார்ந்து யோசிக்க வைக்கும். நம்மிடமே மணிமேகலையின் 27ஆவது காதையில் ஆசீவகவாதி ஒருவர் நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்று ஐவகை அணுக்களைப் பற்றி, அவை கூடுவதையும் பிரிவதையும் பற்றி மணிமேகலைக்கு விளக்குகிறார். படிக்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவை 'மாறவில்லை' என்பது பெருமை இல்லை. எந்த இருட்டறையிலும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, 'நாலு வரவில்லையே, 4.0016 வருகிறதே' என்று அவற்றை யாரும் மடக்க முடியாது. மடக்குவதற்கு அவற்றில் எண் கிடையாது. தத்துவத்துக்கு அது இழுக்கும் இல்லை. அந்த வேலைக்கு அவை வரவே இல்லை. 'அன்றே சொன்னார்' கோஷ்டி ஒரு நல்ல தத்துவத்தை இழுத்து வந்து வேறு பரீட்சையில் உட்கார வைக்கிறது. நாம் ரூதர்போர்டுக்குச் செய்த அதே அநியாயம்.

'தப்பான' மாதிரிகள் குப்பைக்குப் போய்விட்டன என்று நினைப்பவர்கள் சந்திரயான்-3ஐப் பார்க்கலாம். 2023 ஆகஸ்டில் நிலாவில் இறங்கி உருண்ட பிரக்யான் வண்டியில் ஒரு கருவி இருந்தது. கியூரியம்-244இலிருந்து ஆல்ஃபா துகள்களும் எக்ஸ் கதிர்களும் மண்ணில் படும். மண்ணில் இருக்கிற தனிமங்கள் பதிலுக்குத் தங்களுக்கே உரிய எக்ஸ் கதிரைக் கக்கும். அந்தக் கோட்டின் இடத்தைப் பார்த்து இது அலுமினியம், இது இரும்பு என்று கண்டுபிடிப்பார்கள். கோட்டுக்கும் தனிமத்துக்கும் என்ன கணக்கு என்று 1913, 1914இல் கண்டுபிடித்தவர் ஹென்றி மோஸ்லி. அவர் அதைப் படித்தது போரின் மாதிரியை வைத்து. 1915 ஆகஸ்டில் கல்லிப்போலியில் துப்பாக்கிக் குண்டு பட்டுச் செத்துப் போனார். அவருக்கும் 27 வயசு. சிலிக்கானில் பாஸ்பரஸ் கலந்தால் அதன் உபரி எலக்ட்ரான் எவ்வளவு லேசாகக் கட்டப்பட்டிருக்கும் என்பதற்கு எலெக்ட்ரானிக்ஸ் பாடத்தில் முதல் மதிப்பீடு போடுவது எதை வைத்து? போரின் ஹைட்ரஜன் சூத்திரத்தைக் கொஞ்சம் திருத்தி வைத்து. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் கருவிக்குள் இருக்கிற சில்லுக்கு அது பாலபாடம்.

கேள்வித்தாள் போடுகிறவர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால், குறைகள் யாவை என்பதற்குப் பதிலாக இதைக் கேட்கலாம். காப்புரிமை எல்லாம் இல்லை, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு, கோபால்ட், நிக்கல், தாமிரம். இவற்றின் முக்கியமான எக்ஸ் கதிர்க் கோட்டின் அலைநீளம் ஆங்ஸ்ட்ராமில் முறையே 1.936, 1.789, 1.658, 1.541. ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் எடுத்து, ஒன்றை அதால் வகுக்கவும். 0.719, 0.748, 0.777, 0.806 வரும். ஒவ்வொரு படிக்கும் 0.029. கோபால்ட்டின் அணு எடை 58.93, நிக்கலின் அணு எடை 58.69. எடைப்படி நிக்கல் முன்னால் வர வேண்டும். எடைப்படி அடுக்கினால் இந்தப் படிகளுக்கு என்ன ஆகும்? அப்படியென்றால் தனிமங்களை வரிசைப்படுத்துவது எது? ஐந்து மதிப்பெண்.